ஓய்வூதியப் பணமும் மனசாட்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதச் சம்பளத்தில் பிடிக்கும் பணம் எங்கே போய் வளர்கிறது, அது வளரும் இடத்தில் யாருக்காவது தீங்கு நேர்ந்தால் அதில் நமக்கும் பொறுப்பு உண்டா என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். இந்தக் கேள்வியைச் சட்டம், குழு, பட்டியல் என்று முறைப்படி எதிர்கொண்ட நாடு நார்வே. அதனால் பாதிப் பதில்கள் அந்த நாட்டைச் சுற்றியே வரும். அந்தக் கதையில் தூத்துக்குடியும் மேட்டூரும் இருக்கின்றன.

ஓய்வூதிய நிதிக்கும் அறத்துக்கும் என்ன சம்பந்தம்? நல்ல வட்டி வந்தால் போதாதா?

ஓய்வூதிய நிதி என்பது லட்சக்கணக்கான பேர் சேர்த்து வைத்த பணம். அதை யாரும் பூட்டி வைப்பதில்லை. அரசுப் பத்திரமாக, கம்பெனிக் கடன்பத்திரமாக, பங்காக மாற்றுகிறார்கள். ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்கினால் அந்த நிறுவனத்தின் ஒரு சிறு பகுதிக்கு நாம் சொந்தக்காரர்கள். லாபத்தில் பங்கு வாங்கிக்கொள்கிறவர், அந்த லாபம் எந்த வழியில் வந்தது என்று கேட்பதில் தவறே இல்லை. கேட்காமல் இருப்பதற்குத்தான் காரணம் சொல்ல வேண்டும்.

காலமும் ஒரு காரணம். 25 வயதில் வேலைக்குச் சேர்ந்தவரின் பணம் 35 ஆண்டு கழித்துத்தான் கைக்கு வருகிறது. அத்தனை நாள் முதலீடு செய்பவருக்கு நிலத்தடி நீர், காற்று, பருவமழை எல்லாமே கணக்கில் சேர வேண்டிய விஷயங்கள். ஓய்வு பெற்ற பிறகு அவர் வாழப்போவதும் அந்த ஊரில்தான்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. நிதியை நிர்வகிப்பவர் கையாள்வது அடுத்தவர் பணம். தன் சொந்த விருப்பு வெறுப்பை அதில் காட்ட அவருக்கு உரிமை கிடையாது. ‘எனக்குப் பிடிக்காது, விற்றுவிட்டேன்’ என்று சொல்ல முடியாது. அப்படியானால் யாருடைய மனசாட்சிப்படி நடப்பது? இந்தப் பக்கம் முழுவதும் அந்தக் கேள்விதான் திரும்பத் திரும்ப வரும்.

என் பி.எஃப். பணமும் பங்குச் சந்தைக்குப் போகிறதா?

ஒரு பகுதி போகிறது. இந்தியாவில் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி அமைப்பு 2015 ஆகஸ்டில் பங்குகளில் முதலீடு செய்யத் தொடங்கியது. புதிதாக வரும் பணத்தில் முதலில் 5 சதவீதம் என்று ஆரம்பித்து, பிறகு 10, அப்புறம் 15 சதவீதம் வரை உயர்த்தினார்கள். நேராக ஒரு கம்பெனியைப் பார்த்து வாங்குவதில்லை. நிஃப்டி 50, சென்செக்ஸ் போன்ற குறியீடுகளில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் இ.டி.எஃப். என்ற நிதிகள் வழியாகப் போகிறது. மீதியில் பெரும்பகுதி அரசுப் பத்திரங்களிலும் கடன்பத்திரங்களிலும் இருக்கிறது.

குறியீட்டை அப்படியே வாங்கினால் அதிலுள்ள எல்லாமே கூடையில் வந்து விழும். சிகரெட்டில் பெரும் லாபம் பார்க்கும் ஐ.டி.சி. வரும், கோல் இந்தியா வரும். புற்றுநோய் மருத்துவமனையில் செவிலியராக இருப்பவரின் பி.எஃப். பணத்திலும் ஒரு துளி சிகரெட்டில் இருக்கிறது. அவரிடம் யாரும் கேட்கவில்லை.

இதைப் பற்றிப் பேசும்போது நெல்லை, தென்காசிப் பக்கம் பீடி சுற்றும் பெண்களையும் நினைக்க வேண்டும். அவர்களுக்கும் பி.எஃப். உண்டு. புகையிலை அவர்கள் உடம்பைக் கெடுக்கிறது, அதே புகையிலைதான் அடுப்பையும் எரிய வைக்கிறது. ‘புகையிலையை விலக்கு’ என்பது சென்னையில் உட்கார்ந்து சொல்ல எளிது. நானும் விலக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆனால் மாற்று வேலையைப் பற்றிய பேச்சே இல்லாமல் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நார்வேயை ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள்?

அளவு ஒரு காரணம். 1969இல் வடகடலில் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. எண்ணெய் ஒருநாள் தீரும், வரும் பணத்தை வரும் தலைமுறைகளுக்கும் வைக்க வேண்டும் என்று 1990இல் ஒரு நிதிக்குச் சட்டம் போட்டார்கள். 1996இல் முதல் தொகை போய்ச் சேர்ந்தது. 2006இல் அதற்கு அரசு ஓய்வூதிய நிதி (உலகம்) என்ற பொருளில் புதுப் பெயர் வைத்தார்கள். 2024 முடிவில் அதன் மதிப்பு சுமார் 19.7 லட்சம் கோடி குரோனர். நம் ரூபாயில் ஏறத்தாழ 150 லட்சம் கோடி. உலகில் பட்டியலிடப்பட்ட எல்லா நிறுவனப் பங்குகளிலும் சராசரியாக 1.5 சதவீதம் அந்த ஒரு நிதியின் கையில் இருக்கிறது. நார்வேயின் மக்கள்தொகையோ சுமார் 55 லட்சம்தான்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அளவு அல்ல, வெளிப்படைத்தன்மை. ஒரு நிறுவனத்தை விலக்கினால் பெயர், தேதி, காரணம், ஆய்வு அறிக்கை எல்லாவற்றையும் வெளியிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எதிர்க்கலாம். மற்ற பல நிதிகளிலும் அறம் பற்றி அழகான வாசகங்கள் உண்டு. அந்த வாசகம் எந்த நிறுவனத்தின் மேல், எந்தத் தேதியில் பாய்ந்தது என்பது தெரிய வராது.

அதில் தனிநபர் கணக்கு உண்டா?

கிடையாது. பெயரில் ஓய்வூதியம் இருந்தாலும் யாருக்கும் தனிக் கணக்கு இல்லை. நாடு முழுவதற்குமான சேமிப்பு அது. எதிர்பார்க்கும் வருமானத்தின் அளவுக்கு, அதாவது ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதம் வரை, அரசு பட்ஜெட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். 2017 வரை அது 4 சதவீதமாக இருந்தது. முதலீடு முழுவதும் வெளிநாட்டில்தான்.

எது தவறு என்பதை யார் முடிவு செய்தார்கள்?

தொடக்கம் ஒரு தர்மசங்கடத்தில்தான். ஆளைக் கொல்லும் கண்ணிவெடிகளைத் தடை செய்யும் 1997 உடன்படிக்கைக்காக முன்னால் நின்ற நாடு நார்வே. அதே நாட்டின் நிதி, கண்ணிவெடியோடு தொடர்புடைய சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றில் பங்கு வைத்திருந்தது. சின்னப் பங்காக இருந்தாலும் உடன்படிக்கைக்கு விரோதமாகலாம் என்று சட்ட ஆலோசனைக் குழு சொன்னது. 2002இல் அந்தப் பங்கை விற்றார்கள்.

ஒவ்வொரு முறையும் செய்தித்தாளில் வந்த பிறகு ஓடிப்போய் விற்பது ஒரு முறையாகாது என்பதால் சட்டப் பேராசிரியர் ஹன்ஸ் பெட்டர் கிராவர் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். 2003இல் அது அறிக்கை கொடுத்தது. அந்தக் குழுவுக்கு முன்னால் இருந்த பிரச்சினை நமக்கும் பழக்கமானதுதான். கிறித்துவர், முஸ்லிம், கடவுள் நம்பிக்கை இல்லாதவர், இடதுசாரி, வலதுசாரி என எல்லோரும் சேர்ந்து வைத்திருக்கும் ஒரே உண்டியல். யாருடைய அறத்தை எடுப்பது?

குழு இரண்டு கடமைகளைச் சொன்னது. ஒன்று, பிறக்கப்போகும் தலைமுறைக்கும் பங்கு போய்ச் சேர வேண்டும். ஆகவே நல்ல வருமானம் ஈட்டுவதே ஒரு அறக்கடமை. இரண்டு, மிகக் கடுமையான தீங்குகளுக்கு நிதி உடந்தையாக இருக்கக் கூடாது. எது கடுமை என்பதை யார் விருப்பத்துக்கும் விடாமல், நாடு ஏற்கெனவே கையெழுத்திட்ட சர்வதேச உடன்படிக்கைகள், மனித உரிமை விதிகள் ஆகியவற்றிலிருந்து எடுத்தார்கள்.

இதனால் பட்டியல் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். மதுபானம் விலக்கப்படவில்லை, சூதாட்டமும் விலக்கப்படவில்லை. அவை கெட்டவை என்று நினைக்கும் நார்வேக்காரர்கள் நிறைய உண்டு. ஆனாலும் எல்லோருக்கும் பொதுவான அளவுகோலில் அவை வரவில்லை. எனக்கு இந்தக் கட்டுப்பாடு பிடிக்கிறது. சிறிய பட்டியலாக இருந்தால்தான் ஒவ்வொரு பெயருக்கும் காரணம் சொல்லி நிற்க முடியும்.

நடைமுறை எப்படி?

2004இல் நெறிமுறைக் குழு ஒன்றை நிறுவினார்கள். முதலீடு செய்வது நார்வே மத்திய வங்கியின் ஒரு பிரிவு. நெறிமுறைக் குழு அதற்குக் கட்டுப்பட்டது அல்ல. குழு ஒரு நிறுவனத்தை ஆராய்கிறது, வரைவை அந்த நிறுவனத்துக்கே அனுப்பிப் பதில் கேட்கிறது, பிறகு பரிந்துரைக்கிறது. முன்பு நிதி அமைச்சகம் முடிவெடுத்தது; 2015 முதல் மத்திய வங்கி. முதலில் சத்தமில்லாமல் பங்கை விற்றுவிட்டு, அதன் பிறகே அறிவிப்பார்கள். இல்லையென்றால் அறிவித்த உடனே விலை சரிந்து நிதிக்கு நட்டம்.

விலக்கும் காரணங்கள் இரண்டு வகை. தயாரிக்கும் பொருளே காரணமாகலாம்: கொத்துக் குண்டு, அணு ஆயுதம், 2010 முதல் புகையிலை, 2016 முதல் குறிப்பிட்ட அளவுக்கு மேல் நிலக்கரி. அல்லது நடத்தை காரணமாகலாம்: மனித உரிமை மீறல், சுற்றுச்சூழல் நாசம், பெரும் ஊழல். பழைய குற்றத்துக்குத் தண்டனை கொடுப்பது நோக்கம் இல்லை. இதே தீங்கு இனியும் தொடரும் என்ற ஏற்க முடியாத அபாயம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். நேரடியாக விலக்காமல் ‘கண்காணிப்பில்’ வைப்பதும் உண்டு.

தூத்துக்குடிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

2007 மே மாதம் நெறிமுறைக் குழு வேதாந்தா ரிசோர்சஸ் பற்றி ஒரு பரிந்துரை எழுதியது. அப்போது லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்த அந்தக் குழுமத்தின் இந்தியத் தொழில்கள் நான்கை அது ஆராய்ந்திருந்தது: தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர ஆலை, மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம், சத்தீஸ்கரின் கோர்பாவில் பால்கோ, ஒடிசாவின் லாஞ்சிகரில் அலுமினா ஆலை. சுற்றுச்சூழல் சேதம், கழிவைக் கையாண்ட விதம், பழங்குடிகளின் உரிமை என்று குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது. ஆராய்ந்த எல்லா இடங்களிலும் பல ஆண்டுகளாக மீறல்கள் இருந்தன, அது நிறுவனத்தின் வழக்கமாகவே தெரிகிறது என்பது குழு கண்ட முடிவு. அந்த ஆண்டு நவம்பரில் வேதாந்தாவும் ஸ்டெர்லைட்டும் மெட்ராஸ் அலுமினியமும் விலக்கப்பட்டதாக நார்வே அறிவித்தது. ஆலையால் மாசு இல்லை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடு. அதை இன்று வரை அது மாற்றிக்கொள்ளவில்லை.

2010 பிப்ரவரியில் இங்கிலாந்துத் திருச்சபை, தன் குருமார்களின் ஓய்வூதிய வாரியம் உட்பட, வேதாந்தாவில் வைத்திருந்த 38 லட்சம் பவுண்டு மதிப்புள்ள பங்குகளை விற்றது. அதே ஆண்டு நெதர்லாந்தின் ஓய்வூதிய முதலீட்டு நிறுவனமான பி.ஜி.ஜி.எம். விற்றது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் வேதாந்தாவுக்கான பாக்சைட் சுரங்கத்தை எதிர்த்து டோங்ரியா கோந்த் பழங்குடி மக்கள் நடத்திய போராட்டம்தான் அவர்கள் காதுக்கு எட்டியிருந்தது.

நார்வே விலக்கியது 2007. தூத்துக்குடியில் காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தது 2018 மே 22 அன்றும் மறுநாளும். ஆலையை மூடும் அரசாணை வந்தது மே 28 அன்று. உச்ச நீதிமன்றம் ஆலைத் தரப்பின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது 2024 பிப்ரவரி 29. தொலைதூரத்தில் இருக்கும் ஒரு ஓய்வூதிய நிதி ஆவணங்களைப் படித்து எழுதிய எச்சரிக்கை, நடந்ததற்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவே பொதுவெளியில் இருந்தது. அந்த அறிக்கையை நம் ஊரில் எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அப்படியானால் பங்கை விற்றதால் யாருக்கு என்ன பயன்?

இது நேர்மையான கேள்வி. பங்குச் சந்தையில் ஒருவர் விற்றால் இன்னொருவர் வாங்குகிறார். நிறுவனத்தின் கையிலிருந்து ஒரு பைசா கூடக் குறைவதில்லை. நார்வே விற்ற பிறகும் தூத்துக்குடியில் புகை போய்க்கொண்டுதான் இருந்தது. கேள்வி கேட்கும் பங்குதாரர் போய், கேட்காதவர் வந்து உட்கார்ந்திருக்கலாம்.

நியம்கிரியைக் காப்பாற்றியதும் பங்கு விற்பனை இல்லை. 2013இல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடம் முடிவை விட்டது. 12 கிராம சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. அந்த வெற்றி மலைமக்களுடையது. நிதிகளின் விலகல் அவர்கள் சொன்னதற்கு வெளியிலிருந்து கிடைத்த ஒரு சாட்சியம். சாட்சியத்துக்கு மதிப்பு உண்டு. நிறுவனம் அடுத்த கடன் கேட்டுப் போகும் இடத்தில் அது பேசும். அதற்கு மேல் அதைப் பெருமையாகச் சொல்ல நான் தயாரில்லை.

விற்காமல் உள்ளேயிருந்து அழுத்தம் கொடுப்பதும் ஒரு வழி. அதற்கும் இந்தியாவில் ஓர் உதாரணம் உண்டு. கலப்பினப் பருத்தி விதை உற்பத்தியில் சிறுவர்கள், குறிப்பாகச் சிறுமிகள், மகரந்தச் சேர்க்கை வேலைக்கு வைக்கப்பட்டார்கள். இதற்காக அமெரிக்க விதை நிறுவனமான மான்சாண்டோவை விலக்கும்படி நெறிமுறைக் குழு 2006இல் பரிந்துரைத்தது. அமைச்சகம் உடனே விலக்கவில்லை. பங்குதாரராக இருந்தபடியே பேசிப் பார்க்கும்படி மத்திய வங்கியிடம் சொன்னது. அடுத்த சில ஆண்டுகளில் அந்த நிறுவனத்துக்கு விதை தரும் வயல்களில் குழந்தைத் தொழிலாளர் எண்ணிக்கை குறைந்ததாகப் பதிவானது.

எது எப்போது? தொழிலே கெட்டது என்றால் பேசிப் பயனில்லை. கொத்துக் குண்டு செய்பவரிடம் ‘நல்லபடியாகச் செய்யுங்கள்’ என்று சொல்ல முடியாது. தொழில் சரி, செய்யும் விதம் தவறு என்றால் முதலில் பேச வேண்டும், காலக்கெடு வைக்க வேண்டும், கேட்காவிட்டால் வெளியேற வேண்டும். காலக்கெடு இல்லாத பேச்சுவார்த்தை பங்கை வைத்துக்கொள்வதற்கான சாக்காக மாறிவிடும்.

விலக்கப்பட்டவர்கள் திரும்ப வர முடியுமா?

முடியும். வால்மார்ட் 2006இல் தொழிலாளர் உரிமைப் பிரச்சினைகளுக்காக விலக்கப்பட்டது. சுரங்க நிறுவனமான ரியோ டின்டோ 2008இல் இந்தோனேசியாவின் கிராஸ்பெர்க் சுரங்கம் செய்த சுற்றுச்சூழல் சேதத்துக்காக. இரண்டும் 2019இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன.

அறம் பார்த்தால் வருமானம் குறையுமா?

சில சமயம் குறையும். குறையவே குறையாது என்று விற்பனைக்காரர்கள் சொன்னால் நம்ப வேண்டாம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியான கால்பெர்ஸ் 2001இல் புகையிலைப் பங்குகளை விட்டது. அதன் பிறகு அந்தப் பங்குகள் நன்றாக ஏறின. ஆலோசகர்கள் கணக்குப் பார்த்தபோது 2014 வரை சுமார் 300 கோடி டாலர் லாபம் கைநழுவியதாகத் தெரிந்தது. ஏறத்தாழ 30,000 கோடி டாலர் நிதி அது. எனவே மொத்தத்தில் ஒரு சதவீத அளவு. 2016 டிசம்பரில் வாரியத்தில் விவாதம் வந்தது. திரும்ப வாங்கலாம் என்ற யோசனை தோற்றது. விலக்கை இன்னும் விரிவாக்கினார்கள்.

நார்வே நிதி இந்தக் கணக்கைத் தானே வெளியிடுகிறது. புகையிலை, ஆயுதம் போன்ற பொருள் சார்ந்த விலக்கல்களால் வருமானம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. நடத்தைக்காக விலக்கிய நிறுவனங்களை விட்டதால் கொஞ்சம் கூடியிருக்கிறது. இரண்டாவது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஆற்றில் கழிவை விடுகிற நிர்வாகம் கணக்கிலும் வேறு இடத்திலும் ஒழுங்காக இருக்கும் என்று எதிர்பார்ப்பதே தவறு. வழக்கு, அபராதம், ஆலை மூடல் என்று ஒருநாள் பங்குதாரர் தலையிலும் விழும்.

உறுப்பினரிடம் செலவை மறைக்காமல் சொல்லி, அதன் பிறகும் அவர்கள் சம்மதிக்கிறார்களா என்று கேட்பதுதான் முறை. நூறு ரூபாயில் ஒரு ரூபாய் குறைந்தாலும் சிகரெட் வேண்டாம் என்று சொல்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம் இருப்பார்கள் என்பது என் நம்பிக்கை.

சட்டம் இதை அனுமதிக்கிறதா?

இந்தக் கேள்விக்கு உலகம் முழுதும் மேற்கோள் காட்டும் வழக்கு பிரிட்டனில் நடந்தது. சுரங்கத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்துக்குப் பத்து அறங்காவலர்கள்: ஐந்து பேர் தேசிய நிலக்கரி வாரியத்தின் தரப்பு, ஐந்து பேர் தொழிற்சங்கத் தரப்பு. சங்கத் தரப்புக்குத் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில். 1982இல் முதலீட்டுத் திட்டம் வந்தபோது அவர்கள் கையெழுத்துப் போட மறுத்தார்கள். வெளிநாட்டு முதலீட்டைக் கூட்டக் கூடாது, இருப்பதையும் நேரம் பார்த்துத் திரும்ப எடுக்க வேண்டும், நிலக்கரிக்குப் போட்டியான எண்ணெய், எரிவாயுவில் போடக் கூடாது என்றார்கள். நம் பணம் நம் தொழிலையே அழிக்கப் போகலாமா என்பது அவர்கள் வாதம்.

விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. ஸ்கார்கில் வழக்கறிஞர் வைக்காமல் தானே வாதாடினார். 1984 ஏப்ரலில், பெரும் சுரங்க வேலைநிறுத்தம் தொடங்கியிருந்த நேரத்தில், நீதிபதி ராபர்ட் மெகாரி தீர்ப்புச் சொன்னார். அறங்காவலர் பயனாளிகளின் நலனைத்தான் பார்க்க வேண்டும். ஓய்வூதியத் திட்டத்தில் நலன் என்றால் பெரும்பாலும் பண நலன். சொந்தக் கொள்கையை ஒதுக்கி வைக்க வேண்டும். அந்தத் திட்டத்தில் ஓய்வு பெற்றவர்கள், விதவைகள், குழந்தைகள் நிறைய. நிலக்கரித் தொழில் செழித்தால் அவர்களுக்கு நேரடியாக என்ன வரும் என்று கேட்டார்.

தீர்ப்பு சரி என்று சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். ஆனால் தொழிலாளியின் வேலை வேறு, ஓய்வூதியம் வேறு என்று அவ்வளவு சுத்தமாக வெட்டி எடுக்க முடியுமா என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஊரில் சுரங்கம் மூடினால் ஓய்வு பெற்றவரின் மகனுக்கும் வேலை போகிறது. அந்த வீட்டின் நலன் மாதாந்திரத் தொகையோடு முடிந்துவிடுமா?

மெகாரியே ஒரு கதவைத் திறந்து வைத்தார். பயனாளிகள் எல்லோரும் மது, புகையிலை போன்றவற்றில் ஒரே உறுதியான கருத்துடையவர்களாக இருந்தால் நிலைமை வேறாகலாம் என்றார். 2014இல் இங்கிலாந்துச் சட்ட ஆணையம் அந்தக் கதவை அகலமாக்கியது: உறுப்பினர்கள் அந்தக் கவலையைப் பகிர்ந்துகொள்வார்கள் என்று நம்ப நல்ல காரணம் இருந்து, நிதிக்குப் பெரிய நட்டம் வரும் அபாயமும் இல்லையென்றால், பணம் சாராத காரணங்களையும் அறங்காவலர்கள் கணக்கில் எடுக்கலாம். 2019 முதல் அங்கே ஓய்வூதியத் திட்டங்கள் பருவநிலை உள்ளிட்ட விஷயங்களில் தங்கள் கொள்கையை எழுத்தில் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்காவில் வெள்ளை மாளிகையில் கட்சி மாறும்போதெல்லாம் இதற்கான விதியும் மாறுகிறது. டெக்சாஸ் மாநிலம் 2021இல், எண்ணெய் நிறுவனங்களைப் புறக்கணிக்கும் நிதி நிறுவனங்களோடு மாநில நிதிகள் தொடர்பு வைக்கக் கூடாது என்றே சட்டம் போட்டது.

எண்ணெயில் சம்பாதித்துவிட்டு நிலக்கரியை விலக்குவது நியாயமா?

முரண்பாடுதான். வருமானத்தில் அல்லது மின் உற்பத்தியில் 30 சதவீதத்துக்கு மேல் நிலக்கரியைச் சார்ந்த நிறுவனங்களை விலக்க நார்வே நாடாளுமன்றம் 2015இல் முடிவு செய்தது. கோல் இந்தியா, டாடா பவர் போன்றவை அதில் சிக்கின. 2017இல் பெல் நிறுவனத்தையும் விலக்கினார்கள். வங்கதேசத்தில் சுந்தரவனக் காடுகளுக்குப் பக்கத்தில் ராம்பால் அனல்மின் நிலையத்தைக் கட்டுவது காரணம். திருச்சி திருவெறும்பூரில் பல ஆயிரம் வீடுகளுக்குச் சோறு போடும் பெல் அதேதான். எண்ணெய் என்று வந்தபோது, 2019இல், ஆய்வும் உற்பத்தியும் மட்டுமே செய்யும் நிறுவனங்களைத்தான் விட்டார்கள். அதுவும் எண்ணெய் விலை விழுந்தால் நாட்டுக்கு இரட்டை அடி என்ற பணக் காரணத்துக்காக. ஷெல், பி.பி. போன்ற பெரியவை தொடர்ந்தன.

ஏழை நாடு மின்சாரத்துக்கு எரிக்கும் கரி குற்றம், பணக்கார நாடு விற்கும் எண்ணெய் சேமிப்பு என்றால் அதைக் கேள்வி கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. அதே நேரம், சொல்பவர் யோக்கியமா என்று பார்த்துச் சொன்னதை ஒதுக்கிவிட்டால் சுந்தரவனத்துக்கு எந்த நன்மையும் இல்லை.

அரசியல் தலையீடு இல்லாமல் நடக்குமா?

நடப்பது கடினம். வால்மார்ட்டை விலக்கியபோதே அமெரிக்கத் தூதர் வெளிப்படையாகக் கண்டித்தார். 2025 ஆகஸ்டில் காசா, மேற்குக் கரை நிலைமையை ஒட்டி அமெரிக்காவின் கேட்டர்பில்லர் நிறுவனமும் ஐந்து இஸ்ரேலிய வங்கிகளும் விலக்கப்பட்டன. பாலஸ்தீனர்களின் வீடுகளை இடிக்க அந்த நிறுவனத்தின் புல்டோசர்கள் பயன்படுவது காரணமாகச் சொல்லப்பட்டது. அமெரிக்க வெளியுறவுத் துறை அதிருப்தி தெரிவித்தது. நவம்பரில் நார்வே நாடாளுமன்றம், விதிகளை மறுபரிசீலனை செய்யும் வரை நெறிமுறை அடிப்படையிலான விலக்கல்களை நிறுத்தி வைக்க வாக்களித்தது. இப்படியே போனால் உலகின் மிகப் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களையும் விட வேண்டி வரும் என்பது அரசின் கவலை.

இருபது ஆண்டு நல்ல பெயர் எடுத்த அமைப்பு மிகக் கடினமான பரீட்சையில் தாளைக் கீழே வைத்திருக்கிறது. சிறிய நிறுவனங்களுக்கு ஒரு விதி, விட்டால் பணம் குறையும் அளவுக்குப் பெரிய நிறுவனங்களுக்கு வேறு விதி என்று முடிந்துவிட்டால், வேதாந்தாவை விலக்கியதற்கும் பொருள் குறைந்துவிடும். ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நிறுத்தியதும் திறந்த வாக்கெடுப்பில்தான். யார் எப்படி வாக்களித்தார் என்று நார்வே மக்களுக்குத் தெரியும்.

அறம் என்றால் ஆயுதமும் புகையிலையும் மட்டும்தானா?

இல்லை. உறுப்பினர் பணத்தைப் பத்திரமாகப் பார்ப்பதே முதல் அறம். இலங்கையின் ஊழியர் சேமலாப நிதி 1958 முதல் இருக்கிறது. அதன் பணத்தை முதலீடு செய்வது மத்திய வங்கி. 2015இல் தொடங்கிய பிணைமுறி (அரசுக் கடன்பத்திரம்) விவகாரத்தில், அந்த நிதி சந்தையில் இரண்டாம் கையாகக் கூடிய விலைக்குப் பிணைமுறிகளை வாங்கியதால் பல நூறு கோடி ரூபாய் இழப்பு நேர்ந்ததாக ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழுவின் முடிவுகள் காட்டின. மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களின் சேமிப்பும் அந்த நிதியில்தான் இருக்கிறது. அங்கே கெட்ட தொழில் எதிலும் பணம் போகவில்லை. அரசுக் கடனில்தான் போனது. கெட்டது வாங்கிய விதம்.

இந்தியாவில் 2018இல் ஐ.எல்.&எஃப்.எஸ். என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனம் கடனைத் திருப்பித் தர முடியாமல் விழுந்தபோது, அதன் பத்திரங்களை வைத்திருந்த பல பி.எஃப். அறக்கட்டளைகளும் மாட்டிக்கொண்டன. சில வாரங்களுக்கு முன்பு வரை அந்தப் பத்திரங்களுக்கு மிக உயர்ந்த தர மதிப்பீடு இருந்தது. நிர்வாகத்தைக் கேள்வி கேட்கும் பழக்கம் இருந்த இடத்தில் இது முன்னாலேயே கண்ணில் பட்டிருக்க வாய்ப்பு உண்டு.

சாதாரண சந்தாதாரராக நான் என்ன செய்யலாம்?

என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) சந்தாதாரர் என்றால், உங்கள் ஓய்வூதிய நிதி நிறுவனம் எந்தெந்தப் பங்குகளை வைத்திருக்கிறது என்பதைத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. முதலில் அதைத் திறந்து பாருங்கள். பிடிக்காவிட்டால் நிதி நிறுவனத்தை மாற்றலாம், பங்குக்கு எவ்வளவு, அரசுப் பத்திரத்துக்கு எவ்வளவு என்ற விகிதத்தையும் மாற்றலாம்.

உங்கள் கம்பெனி சொந்தமாக பி.எஃப். அறக்கட்டளை நடத்தினால் அதில் ஊழியர் தரப்பு அறங்காவலர்கள் இருப்பார்கள். அவர்கள் யார் என்று கண்டுபிடியுங்கள். பெரும்பாலான ஊழியர்களுக்கு அவர்கள் பெயரே தெரியாது. கடைசி முதலீட்டுக் கூட்டத்தில் என்ன பேசினார்கள், எந்தப் பத்திரத்தை ஏன் வாங்கினார்கள் என்று கேட்கலாம்.

பொதுவான பி.எஃப். என்றால் தனிநபருக்குத் தேர்வு கிடையாது. மத்திய அறங்காவலர் குழுவில் தொழிற்சங்கப் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். உங்கள் சங்கம் வழியாக அவர்களுக்குக் கடிதம் போகலாம். வருங்கால வைப்பு நிதி அமைப்பு தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வருகிறது. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். ஒரு யோசனை: ‘ஏன் இதில் முதலீடு செய்தீர்கள்’ என்று எழுதினால், காரணம் கேட்பது தகவல் ஆகாது என்று திருப்பி அனுப்ப இடம் உண்டு. ‘இந்தத் தேதியில் நடந்த கூட்டத்தின் முடிவுக் குறிப்பின் நகல்’, ‘பங்குதாரர் வாக்கெடுப்பில் பின்பற்றும் கொள்கை ஆவணத்தின் நகல்’ என்று ஆவணமாகவே கேளுங்கள். அப்படி ஓர் ஆவணமே இல்லை என்று எழுத்தில் பதில் வந்தால் அதையும் பத்திரமாக வையுங்கள். சங்கக் கூட்டத்தில் எழுப்ப வேண்டிய அடுத்த கேள்வி அதுதான்.